வெண்புருவத் தாரா

கோபக்காரி என்பது எங்கள் குடும்பத்தில் எனக்கு எல்லோரும் ஒருமனதாகக் கொடுத்த பட்டம். ஆகவே ஒரு தாராவின் கதையைச் சொல்ல வந்தவள் நடுவில் ஏன் கத்துகிறாள் என்று யாரும் யோசிக்க வேண்டாம். தமிழ்நாட்டுத் தோழிகள் வாத்து என்பார்கள், இலங்கைத் தமிழர் நாங்கள் தாரா என்போம். போன இலையுதிர் காலத்தில் அந்த ஒரு தாராவைச் சுற்றி நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் வீடு ரொறன்ரோவின் வடகிழக்கு மூலையில். பின்னால் ஒரு குளம். குளம் என்றதும் தாமரையும் படிக்கட்டும் நினைக்கக் கூடாது. வீடுகள் கட்டியவர்கள் மழைத்தண்ணீர் தேங்குவதற்காகத் தோண்டிவிட்ட பள்ளம் அது. சுற்றிவர நாணல், ஒரு நடைபாதை, உட்கார இரண்டு வாங்கு, தண்ணீரில் இறங்காதே என்று ஒரு பலகை. முழங்கால் வலிக்கு வைத்தியர் நடக்கச் சொன்னார், நடந்தேன். நடக்கிறவளுக்குக் கண் சும்மா இருக்காது, பறவை பார்க்கத் தொடங்கினேன். மகள் ஒரு பைனாகுலர் வாங்கித் தந்தாள். நான் வீட்டிலிருந்தபடி ஒரு காப்புறுதிக் கம்பனிக்கு வேலை செய்கிறேன். நாள் முழுக்க மற்றவர்களுடைய கார் விபத்துகளைக் கேட்டுக்கொண்டிருப்பவளுக்குக் காலையில் கொஞ்ச நேரம் தொலைபேசி எடுக்காத உயிர்கள் தேவைப்பட்டன.

"இஞ்சரும், இண்டைக்கு என்ன, கொக்கோ கோழியோ?" என்று என் கணவர் தினமும் கேட்பார். இஞ்சரும் என்றால் 'இங்கே பாரும்', அவர் என்னைக் கூப்பிடுவது அப்படித்தான். நான் பறவை பார்ப்பது அவருக்குப் பகிடி.

செப்டெம்பர் முடிகிற ஒரு சனிக்கிழமை. பச்சைத்தலைத் தாராக்கள் கூட்டமாக நின்ற கரையில், அவற்றில் பாதியளவே இருந்த ஒரு சின்னத் தாரா நின்றது. மண்ணிற உடம்பு. கண்ணுக்கு மேலே யாரோ விபூதியைத் தடவிவிட்டதுபோல வெள்ளைப் புருவம், கன்னத்திலும் வெள்ளைத் திட்டு. அது தனியாக நிற்கவில்லை. குளத்துக்கு எதிரே இருக்கும் முதியோர் தொடர்மாடியிலிருந்து வருகிற ஒரு அண்ணையின் காலடியில், அவர் விரித்திருந்த அலுமினியத் தாளில் இருந்து சோறு தின்றுகொண்டிருந்தது.

அந்த அண்ணையை எனக்கு முன்பே தெரியும். கசெட்டில் படம் வாடகைக்கு எடுத்துப் பார்த்த காலத்தில் எங்கள் பக்கத்துத் தமிழருக்கெல்லாம் படம் கொடுத்தவர். கடை பூட்டி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, இன்னும் அவர் 'வீடியோக்கடை அண்ணை'தான். கல்லாவில் இருந்து, திருப்பிக் கொண்டுவராத கசெட்டுக்காக எங்களையெல்லாம் விரட்டிய அவருடைய மனைவி 'வீடியோக்கடை அக்கா'. அக்கா கோடையில் காலமாகிவிட்டா. மரண அறிவித்தலில் பெயரை வாசித்தபோது யாரென்றே எனக்குத் தெரியவில்லை, படத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

"அந்தியேட்டியண்டு காகத்துக்கு வைக்க வந்தனான் பிள்ளை," என்றார் அண்ணை. "ஒரு காகமும் வரேல்லை. உதுதான் வந்து முதல் வாய் வச்சது. அண்டையிலயிருந்து சனிக்கு சனி வாறன்."

அந்தியேட்டி முப்பத்தோராம் நாள் காரியம். செத்தவர்களுக்குப் படைத்ததைக் காகம் தொட்டால்தான் அவர்கள் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். இந்த ஊர்க் காகங்களுக்கு அது யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆகவே கடற்புறா தொட்டாலும் காகம், அணில் தொட்டாலும் காகம் என்று நாங்கள் சமாளித்துக்கொள்கிறோம். எனக்கு அந்தத் தாரா யாரென்று தெரிய வேண்டியிருந்தது.

படம் எடுத்து, இந்தப் பக்கம் பறவை பார்ப்பவர்களின் இணையக் குழு ஒன்றில் போட்டேன். உடனே ஒருவர் பதில் எழுதினார்: பெண் மரத்தாரா, மிகச் சாதாரணம். கூடவே ஒரு சிரிக்கிற முகம். பதிலைக்கூட மன்னித்திருப்பேன், அந்தச் சிரிக்கிற முகத்தை மன்னிக்க முடியவில்லை. மரத்தாரா எனக்குத் தெரியாதா? பெண் மரத்தாராவுக்குக் கண்ணைச் சுற்றி வெள்ளை, கண்ணீர் வழிவதுபோலப் பின்னால் கூராகி நிற்கும். இதற்குக் கண்ணைச் சுற்றி ஒன்றுமில்லை, கண்ணுக்கு மேலேதான் வெள்ளை. அலகு சாம்பலும் நீலமும். ஒருநாள் அது விழுந்து கிடந்த மரக்கட்டையில் ஏறியபோது கால்களைப் பார்த்தேன், றோஸ் நிறம். மரத்தாராவின் கால் மஞ்சள் பாயும். பிறகு செட்டையை நீட்டிச் சோம்பல் முறித்தது. விரிந்த செட்டையில் வட்டமாக ஒரு வெள்ளை, அதற்குப் பின்னால் பச்சை மினுங்கியது.

அந்தக் கிழமை முழுவதும் நான் வேலைக்கு நடுவே தாராப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வட அமெரிக்கா முடிந்தது. ஐரோப்பா முடிந்தது. கடைசியில் தென் அமெரிக்காவில், பொலிவியாவுக்கும் ஆர்ஜென்டினாவுக்கும் இடையில், காட்டுக்குள் தேங்கிய தண்ணீரில் வாழ்கிற ஒன்றில் வந்து நின்றேன். கால், அலகு, செட்டையின் வெள்ளை, எல்லாம் பொருந்தியது. ஆங்கிலத்தில் அதற்கு 'வளையத் தாரா' என்கிற மாதிரி ஒரு பெயர். ஏன் வளையம் என்று பார்த்தால், ஆணின் உச்சந்தலையிலிருந்து கழுத்தின் பின்புறமாக ஒரு கறுப்புக் கோடு இறங்குகிறது, அதற்காக. பெண்ணுக்குக் கோடும் இல்லை வளையமும் இல்லை. புருசனின் கழுத்துப் பட்டியை வைத்து அவளுக்கும் பெயர்! இதை நான் சத்தமாகச் சொல்லிவிட்டேன், அடுத்த அறையிலிருந்து இவர், "என்ன இஞ்சரும், ஆரோட சண்டை?" என்றார்.

விஞ்ஞானப் பெயர் மட்டும் வேறு மாதிரி இருந்தது. அதன் பொருள் வெள்ளைப் புருவம். வெள்ளைப் புருவம் பெண்ணுக்குத்தான் உண்டு. அந்தப் பெயரை வைத்தவர் முதலில் பெண்ணைத்தான் பார்த்திருப்பார் என்று நானாக முடிவு செய்துகொண்டு, அன்றிலிருந்து அதை வெண்புருவத் தாரா என்றே சொல்லி வருகிறேன்.

புதிய படங்களைப் போட்டேன். இந்த முறை சிரிக்கிற முகம் இல்லை. "ஓம், நீங்கள் சொன்னதுதான் சரி. ஆனால் இது கூண்டில் வளர்ந்தது. தானாகப் பறந்து வரவில்லை. பார்த்த பறவைகளின் கணக்கில் சேராது," என்று எழுதினார் அதே மனிதர். அத்துடன் அந்தப் பேச்சே நின்றுபோனது. தென் அமெரிக்கப் பறவை என்றதும் கமெரா தூக்கிக்கொண்டு புறப்பட்ட இரண்டு பேர், கணக்கில் சேராது என்றதும் பாதி வழியில் திரும்பினார்களாம். கணக்கில் சேராதது குளிரில் விறைக்காதா? பசிக்காதா? அப்படி எழுதினேன். யாரும் பதில் போடவில்லை.

என் பயம் வேறு. செட்டையை விரித்தபோது ஒரு பக்கச் செட்டையின் நுனி இல்லாததைக் கண்டிருந்தேன். வளர்ப்பவர்கள் பறக்காமல் இருக்க வெட்டிவிடுவார்கள். அப்படியென்றால் அது தப்பி வரவும் இல்லை. யாரோ ஒருவர் அலுத்துப்போய்க் காரில் கொண்டுவந்து எங்கள் குளத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். குளம் உறைந்தால் மற்றத் தாராக்கள் ஏரிப் பக்கம் பறந்துவிடும். இது மட்டும் பனிக்கட்டியின் நடுவில் நிற்கும். இரவில் நரி வந்தால் நடந்தே போய்ப் பிடிக்கலாம்.

தொலைபேசி எடுத்தேன். ஓர் இடத்தில், காயம் பட்டிருக்கிறதா என்றார்கள். இல்லை. உள்ளூர்ப் பறவையா? இல்லை. அப்படியானால் எங்கள் வேலை இல்லை. இன்னோர் இடத்தில், வீட்டு மிருகமா என்றார்கள். யாருடைய வீடு என்று தெரியாது. அப்படியானால் காட்டு உயிர்களைப் பார்க்கிற இடத்தைக் கேளுங்கள். அவர்கள்தான் உங்களிடம் அனுப்பினார்கள் என்றேன். அந்தப் பெண் மிகவும் இனிமையாக, நல்ல நாளாக அமையட்டும் என்று வைத்தாள். எனக்கு அது நல்ல நாளாக அமையவில்லை.

கடைசியில் நகரத்துக்கு வெளியே, அலங்காரத் தாராக்கள் வளர்க்கிற ஒரு வெள்ளைக்காரக் கிழவியைக் கண்டுபிடித்தேன். முதலில் அவளும் சலிப்போடுதான் பேசினாள். இனத்தின் பெயரைச் சொன்னதும் குரல் மாறியது. "பெண்ணா? கால் என்ன நிறம்?" என்றாள். சொன்னேன். "கொண்டு வா. ஆனால் வலையோடு விரட்டாதே, நாணலுக்குள் போனால் பிறகு காணமாட்டாய். யாரிடம் தின்னுகிறதோ அந்த ஆள்தான் பிடிக்க வேண்டும். தண்ணீர் உறைய முன் செய்," என்றாள். இத்தனை பேரில் ஒருத்திக்காவது அந்தப் பெயர் ஒரு பொருட்டாக இருந்தது.

யாரிடம் தின்னுகிறதோ அந்த ஆள். அதற்குள் குளக்கரை ஒரு கோயில் வீதிபோல ஆகியிருந்தது. பக்கத்துத் தெரு அன்ரி ஒருவர், அண்ணை சோறு வைக்கத் தாரா நடந்து வருவதை வீடியோ எடுத்து நாலு வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டா. அவ்வளவுதான். பக்கத்து நகரமான மார்க்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தகப்பனுக்கு, தாய்க்கு, மாமிக்கு என்று சோறு, உழுந்துவடை, மோதகம். எண்ணெய் வடை தின்று தாரா சாகும் என்றேன். "ஆத்துமா தின்னுறது, அதுக்கு ஒண்டும் செய்யாது," என்றா அன்ரி. "உதுவும் எங்களைப்போல ஒரு அகதிதானே," என்று ஒருவர் உருகினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நாங்கள் உயிருக்குப் பயந்து புறப்பட்டு வந்தவர்கள், வாய் திறந்து கேட்டு இடம் பெற்றவர்கள். அது செட்டை வெட்டுப்பட்டுத் தூக்கி எறியப்பட்டது. உருகுகிறவர் கையில் இன்னொரு வடை இருந்தது, அதையும் தண்ணீருக்குள்தான் போட்டார்.

நவம்பர் பாதியில், வருகிற ஞாயிறு கடும் குளிர் என்று அறிவித்தார்கள். வியாழக்கிழமை அண்ணையை நடைபாதையில் மறித்தேன்.

"அண்ணை, சனிக்கிழமை உதைப் பிடிச்சுத் தரவேணும். நான் பெட்டி கொண்டு வாறன். ஒரு இடம் பாத்து வச்சிருக்கிறன்."

"என்ன இடம்?"

"கம்பி அடிச்ச பெரிய இடம். உள்ளுக்குச் சூடு இருக்கு."

அவர் முகம் இறுகியது. "ஏலாது பிள்ளை. ஒருக்கா உள்ளுக்கு வச்சது போதும்."

அக்கா கடைசி இரண்டு வருடமும் நேர்சிங் ஹோமில் இருந்தா. மறதி நோய். கதவுக்கு இரகசிய இலக்கம் போட்ட மாடி. அண்ணை போய்த் திரும்பும்போதெல்லாம் லிப்ட் வரைக்கும் வந்து, நானும் வாறன் என்று அவருடைய சேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பா என்று ஊரே பேசியது. எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டும் நான் விடவில்லை.

"அண்ணை, உது அக்கா இல்லை. உது தென் அமெரிக்கத் தாரா. ஞாயிற்றுக்கிழமை குளம் உறைஞ்சா நரி கொண்டு போயிடும். அதைப் பாத்துக்கொண்டு நிக்கப் போறீங்களோ?"

"எனக்கென்ன விசரே?" என்று அவர் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. "தாரா எண்டு எனக்குத் தெரியாதே? முதல் நாளே தெரியும். காகமில்லை, அவவுமில்லை, தாரா." பிறகு குரல் இறங்கியது. "அண்டைக்குச் சோத்தை வச்சுப்போட்டுக் கூப்பிட வேணுமே. காகத்தைக் கா கா எண்டு கூப்பிடலாம். உதை என்னெண்டு கூப்பிடுறது? வாயில அவவின்ர பேர் வந்திட்டுது. கூப்பிட்டன். வந்தது."

நான் பைனாகுலரைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்தேன்.

"நாப்பத்தொரு வருசம் பிள்ளை. இஞ்சரும், இஞ்சரும் எண்டே காலம் போச்சு. அங்கை அந்த ஹோமிலயும் இஞ்சரும் எண்டுதான் கூப்பிட்டன். ஆரைக் கூப்பிடுறன் எண்டு அவவுக்கு விளங்கேல்லை. வேலை செய்யிற பிள்ளையள் பேர் சொல்லிக் கூப்பிட்டா உடன திரும்பிப் பாப்பா. நான் கூப்பிட்டா யன்னலைப் பாத்துக்கொண்டிருப்பா. அப்பவும் எனக்குப் பேர் வாயில வரேல்லை. வெக்கம்." அவர் வாங்கில் இருந்தார். "இப்ப சனிக்கு சனி ஒருக்காக் கூப்பிடுறன். அதையும் நீர் பெட்டிக்குள்ள போட்டுக் கொண்டு போகப் போறீர்."

இரக்கம்தான் வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. உறைகிற தண்ணீரில் ஓர் உயிர் நிற்க, இந்த மனிதர் உயிரோடு இருந்தவளுக்குக் கொடுக்காத பெயரைத் தாராவுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

"அக்காவும் லிப்டடியில தனிய நிண்டவதானே," என்றேன். "இதையும் அப்பிடி விடப் போறீங்களோ?"

சொன்ன பிறகும் நான் திருப்பி எடுக்கவில்லை. அவர் எழுந்து போய்விட்டார்.

சனிக்கிழமை கரையில் தண்ணீர் கண்ணாடிபோல மெல்லிதாக உறைந்திருந்தது. துணி விரித்த பெட்டியோடு நான் நின்றேன். அண்ணை வந்தார். என்னைப் பார்க்காமலே, "பெட்டியை வாங்குக்குப் பின்னால வையும்," என்றார். ஆனால் அன்ரியும் ஆட்களும் அதற்கு முன்பே வந்து கரையை அடைத்து நின்றார்கள். குளம் உறைய முன் கடைசிச் சனி என்று கூட்டம் அதிகம். எல்லார் கையிலும் தொலைபேசி. சத்தத்துக்குப் பயந்து தாரா நடுத் தண்ணீரில் நின்றது.

நான் அன்றைக்குப் பேசியதை இங்கே முழுதாக எழுத முடியாது. தொலைபேசிகளை உள்ளே வைக்கச் சொன்னேன், வடைகளை அவரவர் வாயில் வைக்கச் சொன்னேன், பின்னால் போங்கள் என்று கையால் தள்ளியும் விட்டேன். "உவவுக்கு என்ன பேய் பிடிச்சிட்டுதே?" என்று யாரோ கேட்டார்கள். ஓம் என்றேன். ஆனாலும் பின்னால் போனார்கள்.

அண்ணை ஈரத்தில் முழங்காலில் இருந்தார். அத்தனை பேருக்கு முன்னால் ஒரு முறை வாயைத் திறந்து மூடினார். பிறகு கூப்பிட்டார். முனகவில்லை, மெல்லவும் சொல்லவில்லை. எங்கேயோ தூர அறையில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோலத் தொண்டை திறந்து அக்காவின் பெயரைக் கூப்பிட்டார். இரண்டாம் முறையும் கூப்பிட்டார்.

"ஆரையப்பா கூப்பிடுறார்?" என்று அன்ரி என் காதுக்குள் கேட்டா. அக்காவோடு எத்தனையோ வருடம் கோயில் மடைப்பள்ளியில் ஒன்றாக மரக்கறி வெட்டியவ.

"வீடியோக்கடை அக்காவை," என்றேன்.

அன்ரி தொலைபேசியைக் கைப்பைக்குள் வைத்தா.

தாரா மெல்லிய பனிக்கட்டியை நெஞ்சால் உடைத்துக்கொண்டு வந்தது. அண்ணையின் மடியருகே வந்து சோற்றில் அலகை வைத்தது. அவர் இரண்டு கையாலும் செட்டையோடு சேர்த்துத் தூக்கினார். அது ஒரு முறை கத்தியது, பூனை கத்துவதுபோல. அவர் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். பெட்டியில் வைக்கச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை.

காரில் வழி நெடுக அவர் கோட்டை அணைத்துப் பிடித்தபடியே வந்தார். கிழவி தாராவின் காலைப் பார்த்தாள், வெட்டிய செட்டையைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள், எனக்கு அவளைப் பிடித்துப்போனது. இதற்கு ஏதாவது பெயர் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். நான் இனத்தின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அண்ணை முந்திக்கொண்டு, "இல்லை, அது என்ர மனுசியின்ர பேர். இதுக்கு நீங்கள் ஒண்டு வையுங்கோ," என்று தமிழிலேயே சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். தாரா இன்றுவரை அங்கே சுகமாக இருக்கிறது. கிழவி அதற்கு என்ன பெயர் வைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

அண்ணையை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தபோது பின்னேரம். இவர் சோபாவிலிருந்து தலையை நிமிர்த்தி, "இஞ்சரும், தாரா போய்ச் சேர்ந்திட்டுதே? தேத்தண்ணி போடட்டே?" என்றார். நல்ல மனிதர். தேநீரும் நன்றாகப் போடுவார். நான் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"என்ர பேரைச் சொல்லுங்கோ."

"என்ன?"

"என்ர பேர். சொல்லுங்கோ."

சிரித்தார். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். பிறகு சொன்னார், மருந்துக் கடையில் என் குளிசை எடுக்கும்போது சொல்கிற மாதிரியே, முதற்பெயர், அதற்குப் பின்னால் அவருடைய பெயர். "பிறந்த திகதியும் சொல்லட்டே?" என்றார்.

"அப்பிடிச் சொல்ல வேண்டாம். கூப்பிடுங்கோ. நான் அங்கால நிக்கிறன், கூப்பிடுங்கோ."

குசினிக்குள் போய்க் குளிர்சாதனப் பெட்டியில் முதுகைச் சாய்த்து நின்றேன். கோட்டில் தாராவின் ஒரு மண்ணிறச் செட்டை மயிர் ஒட்டியிருந்தது. தொலைக்காட்சியை அவர் நிறுத்துவது கேட்டது. தொண்டையைச் செருமினார். "இஞ்ச..." என்று தொடங்கி அப்படியே நிறுத்தினார்.

நான் பதில் கொடுக்கவில்லை. கோட்டோடும் சப்பாத்தோடும் அங்கேயே நின்றேன்.